தலைக்காயத்துக்குப் பின் வகுப்புக்குத் திரும்பும் பிள்ளை: ஆசிரியர் செய்ய வேண்டியவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் விபத்து, பனையிலிருந்து விழுவது, படகில் வழுக்குவது என்று இராமநாதபுரம் கடலோரத்தில் பிள்ளைகளுக்குத் தலையில் அடிபட வழிகள் பல. தையல் பிரித்து, முடி வளர்ந்து, பிள்ளை சிரித்த முகத்தோடு வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துவிடுகிறோம். அடிபடுவதற்கு முன் படித்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும். வாய்ப்பாடு தடங்கலில்லாமல் வரும். நேற்று நடத்திய பாடம்தான் நிற்காது. விடை தெரிந்தாலும் சொல்ல நேரமாகும், மதியத்துக்குள் களைத்துவிடும். இதற்குச் சோம்பல், திமிர் என்று பெயர் வைப்பது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல்.

லேசான அடி என்றால் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு சிறிது சிறிதாகப் பள்ளிக்கு வரலாம். பலத்த காயம் என்றால் மருத்துவர் சொல்லும் அளவுக்கு, காலையில் இரண்டு மணி நேரத்தோடு தொடங்குங்கள். கணக்கை முதல் பாடவேளையில் வையுங்கள். 20 நிமிட வேலைக்கு 5 நிமிடம் ஓய்வு. ஓய்வென்றால் அமைதியான இடத்தில் கண்ணை மூடி இருப்பது, செல்போன் பார்ப்பதல்ல. வெயிலில் நிற்கும் காலை வழிபாட்டிலிருந்து விலக்கு கொடுங்கள்.

முன்வரிசையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே தலைவலியைக் கிளப்பும். ஆடிக் காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவுக்குக் கொக்கி மாட்டுங்கள்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் பலரும் கவனிக்காத இடம். நிமிர்ந்து படித்து, மனதில் வைத்து, குனிந்து எழுதி, மறுபடி நிமிர்ந்து விட்ட இடத்தைத் தேட வேண்டும். அதற்குள் ஒரு வரி விட்டுப்போகும். நோட்டில் பாதி வாக்கியமும் அடுத்த வாக்கியத்தின் வாலும் ஒட்டிக் கிடக்கும். பக்கத்து மாணவரின் நோட்டில் கார்பன் தாள் வைத்தால் போதும், பிரதி கிடைத்துவிடும்.

கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை காத்திருங்கள்; அதற்குள் கேள்வியை மாற்றிக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஊகித்துச் சொல்லச் சொல்லாதீர்கள். நினைவாற்றல் பாதித்த பிள்ளைக்குத் தான் சொன்ன தவறான விடையே மனதில் பதிந்துவிடும். "மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். எத்தனை?" என்று விடையை முதலில் சொல்லி உடனே கேளுங்கள். பிறகு 2, 5, 15 நிமிடம் கழித்து, மறுநாள் காலையில் கேளுங்கள். நடுவில் தவறினால் விடையைச் சொல்லிவிட்டு முந்தைய இடைவெளிக்கே திரும்புங்கள்.

திடீர்க் கோபம், குறுக்கே பேசுவது ஆகியவையும் காயத்தின் விளைவாக இருக்கலாம். வகுப்பின் முன் வாதாடாமல், முன்பே பேசிவைத்த சைகையைக் காட்டி வெளியே தண்ணீர் குடிக்க அனுப்புங்கள்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் பாருங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவற்றுக்கும் உடனே அழையுங்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை கபடி வேண்டாம். முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து. வலிப்பு உள்ள பிள்ளை தனியாகக் கடலில் இறங்கக் கூடாது. இதை அப்பாவிடம் நேரில் சொல்லுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை என்பதால், விசைப்படகுக்குப் போகிறவரைப் பள்ளி திறந்த முதல் வாரத்தில் கரையில் பிடிக்கலாம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் தனியாக இல்லை. கை கால் பலவீனம், பேச்சு, பார்வை என்று எஞ்சிய குறைபாட்டின் பெயரில்தான் சான்றிதழ் கேட்க வேண்டும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் பெற இந்தக் காகிதம் தேவை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பேசுங்கள்.

மூன்றாம் வகுப்பில் அடிபட்ட பிள்ளைக்குச் சிரமம் எட்டாம் வகுப்பில், தானே திட்டமிட்டுப் படிக்க வேண்டிய காலத்தில் வெளிப்படலாம். அதனால் காயம்பட்ட தேதி, எது உதவியது, எது உதவவில்லை என்று ஒரு பக்கம் எழுதி ஆண்டுதோறும் அடுத்த வகுப்பாசிரியர் கையில் கொடுங்கள்.