சிரட்டைத் தணலிலும் வரும் நத்தார் பிரவுணி

மூன்று நத்தாருக்குத் தொடர்ந்து பிரவுணி செய்தேன். மூன்று முறையும் வந்தது சொக்லேட் கேக்தான், அதுவும் காய்ந்த கேக். மேலே மினுங்குகிற மெல்லிய பொருக்கும் இல்லை, நடுவில் அந்தப் பிசுபிசுப்பும் இல்லை. நாலாவது ஆண்டுதான் விஷயம் பிடிபட்டது. வட்டக்கச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ இதை முதன்முதலாகச் செய்யப் போகிறவருக்கு ஒரு கட்டி பட்டராவது வீணாகாமல் தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன். பட்டர் விற்கிற விலை உங்களுக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் நத்தார் என்றால் ரிச் கேக். ரவையை வறுத்துப் பட்டரில் ஊறவிட்டு, பிளம்ஸ், கஜு, பாகில் இட்ட பூசணி எல்லாம் பொடியாக வெட்டிக் கலந்து, கார்த்திகை மாதமே வேலை தொடங்கிவிடும். அதை விடச் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கும், பள்ளிக்கூட ஒளிவிழாவுக்குப் பிள்ளையிடம் ஏதாவது கொடுத்துவிட வேண்டியவர்களுக்கும் பிரவுணி நல்ல துணை. ஒரு பின்னேரத்தில் முடியும், பெட்டியில் அடுக்கினால் உடையாது. இந்தப் பலகாரம் பிறந்த கதையும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. 1893 இல் சிக்காகோவில் பெரிய கண்காட்சி நடந்தபோது, சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடங்கக்கூடிய சின்னக் கேக் ஒன்று வேண்டும் என்று பெர்த்தா பாமர் என்ற பெண்மணி தன் கணவரின் ஹோட்டலில் கேட்டாராம். விவேகானந்தர் பேசினாரே, அதே ஆண்டு, அதே கண்காட்சியை ஒட்டித்தான். அவர் 1897 தை மாதம் எங்கள் வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போனவர்.

சரி, சாமான்களுக்கு வருவோம். 8 அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு இவ்வளவு போதும்: பட்டர் 125 கிராம், குக்கிங் சொக்லேட் 100 கிராம், சீனி 200 கிராம், பெரிய முட்டை 2, கோதுமை மா 75 கிராம், கொக்கோத் தூள் 30 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி, கோப்பித் தூள் அரைத் தேக்கரண்டி, ஒரு பிடி கஜு. உப்பு ஒரு சிட்டிகை. உப்புப் பட்டர் என்றால் அதுவும் வேண்டாம். கோப்பி மணக்காது, சொக்லேட்டின் சுவையைத் தூக்கிக் கொடுக்கும். பேக்கிங் பவுடர் போடவே வேண்டாம். நான் முதல் ஆண்டு கை பழகிய பழக்கத்தில் ஒரு கரண்டி போட்டேன், அது நன்றாகப் பொங்கிக் கேக்காகிவிட்டது.

முட்டை அடிக்கிற மின் பீட்டர் வாங்கக் காசு சேர்க்கிறீர்கள் என்றால் அதை நிறுத்தி, முதலில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். கோப்பையால் அளந்தால் மாவை அமுக்கி நிரப்பும் கைக்கும் மெல்லத் தூவி நிரப்பும் கைக்கும் வித்தியாசம் வரும். மா 75 கிராமாக இருக்க வேண்டிய இடத்தில் 100 ஆனால் அதுவே பிரவுணியைக் கெடுக்கப் போதும். அடிப்பதற்குக் கம்பி அகப்பை ஒன்று இருந்தால் சரி.

தட்டுக்கு ஒயில் பேப்பர் போடும்போது இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். பிறகு அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

முதலில் பட்டரையும் உடைத்த சொக்லேட்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிநீர்ச் சட்டியின் மேல் வைத்து உருக்குங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. மூடி போடவும் கூடாது. இரண்டாம் ஆண்டு நான் மூடி வைத்தேன், மூடியில் திரண்ட ஆவித் துளி உள்ளே விழுந்து, அடியில் உருகிக் கிடந்த சொக்லேட் மணல் மாதிரித் திரைந்துவிட்டது. கொஞ்சத் தண்ணீர் பட்டால் சொக்லேட்டில் உள்ள சீனித் துகள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் அப்படி ஆகிறது. திரைந்துவிட்டால் கொட்ட வேண்டாம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் இளகிவரும். அதை மேலே ஊற்றும் குழம்பாக எடுத்து வைத்துவிட்டு, பிரவுணிக்குப் புதிதாக உருக்குங்கள்.

இனித்தான் நான் மூன்று ஆண்டு தடுக்கி விழுந்த இடம்: சீனி.

நாம் கடையில் வாங்கும் சீனி பெரிய மணி. தேநீருக்கு அது போதும். பிரவுணிக்கு அப்படியே போட்டால் கரையாமல் கிடந்து, வெந்த பிறகும் பல்லில் நறநறக்கும். மேலே அந்த மினுக்கப் பொருக்கும் வராது. அந்தப் பொருக்கு என்ன என்று விளங்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. கரைந்த சீனியும் அடித்த முட்டையும் கலந்து மேலே ஒரு மெல்லிய படலமாக ஏறி, சூட்டில் காய்ந்து வெடிக்கிறது. சீனி கரையாவிட்டால் படலமே இல்லை. ஆகவே சீனியை மிக்ஸியில் பத்து விநாடி ஓடவிட்டு மணியை உடையுங்கள். ஐசிங் சீனி அளவுக்குப் பொடியாக்க வேண்டாம். உருக்கிய பட்டர் சூடாக இருக்கும்போதே அதைக் கொட்டி, இரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள். ஒரு துளியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், மணி தட்டுவது பெரும்பாலும் நின்றிருக்க வேண்டும்.

அப்புறம் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை அவிந்து திரளும். இரண்டும் போன பிறகு, கை நோக நோக நாலு நிமிடம் அடியுங்கள். கலவை தடித்து, நிறம் ஒரு படி வெளுத்து, அகப்பையைத் தூக்கினால் நாடா மாதிரி விழும். இந்த நாலு நிமிடத்தில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள். வனிலாவையும் கோப்பியையும் இப்போதே சேர்க்கலாம்.

மாவையும் கொக்கோவையும் சேர்த்து அரித்துப் போடுங்கள். மாரி காலத்தில் கொக்கோ கட்டிபட்டே இருக்கும், அரிக்காமல் விட்டால் கசப்பு உருண்டைகள் வரும். மா போன பிறகு அடிக்கவே கூடாது. அகப்பையால் மடித்து மடித்துக் கலந்து, வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். கஜுவைத் தூவித் தட்டில் பரப்பினால் கலவை வேலை முடிந்தது.

ஓவன் உள்ளவர்கள் 170 பாகை செல்சியஸில் 15 நிமிடம் முன்சூடு காட்டி, தட்டை ஓவனின் நடு அடுக்கில் வையுங்கள். 22 நிமிடத்தில் முதல் முறை பாருங்கள். மேசையில் வைக்கிற சின்ன ஓவன்களின் திருகியில் உள்ள எண்ணை நான் நம்புவதில்லை. உள்ளே வைக்கிற வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டேன்.

ஓவன் இல்லாதவர்களுக்குச் சட்டி இருக்கிறது. வன்னியில் மின்சாரமே இல்லாத காலத்தில் அம்மா நத்தார்க் கேக்கைச் சிரட்டைத் தணலில்தான் சுட்டார். 2022 இல் காஸும் இல்லை, கரண்டும் இல்லை என்று ஆனபோது அவரிடம் கேட்டுக் கேட்டு அதைப் பழகினேன். தட்டு தாராளமாக உள்ளே போகிற பெரிய அலுமினியச் சட்டி ஒன்றை எடுங்கள். அடியில் ஓர் அங்குலத்துக்குக் காய்ந்த ஆற்று மணல். கடல் மணல் உப்பு, சட்டியை அரித்துவிடும். மணலில் மூன்று சின்னக் கல் வைத்து, கல்லின் மேல் தட்டு இருக்க வேண்டும். மூடி தட்டையான தகரமாக இருந்தால்தான் தணல் நிற்கும். கீழே ஒரு பங்கு தணல், மேலே இரண்டு பங்கு. கேக்குக்குக் கீழே இன்னும் கொஞ்சம் கூட வைப்பார் அம்மா. பிரவுணியில் சீனி அதிகம், அடி சட்டென்று பிடிக்கும்.

சூடு சரியா என்று பார்க்க அம்மாவின் வழி: ஒரு துண்டு தகரத்தில் ஒரு சிட்டிகை மாவைத் தூவி உள்ளே வைத்து மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் பொன்னிறமானால் தட்டை வைக்கலாம். கறுத்தால் தணலைக் குறையுங்கள், வெள்ளையாகவே இருந்தால் கூட்டுங்கள். தட்டு உள்ளே போன பிறகு மூடியை அடிக்கடி தூக்கினால் சாம்பல் விழும். 25 நிமிடத்துக்கு முன் நான் திறப்பதில்லை.

வெந்ததா என்று பார்க்கிற இடத்தில்தான் இரண்டாவது பொறி இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் ஈர்க்குக் குத்திப் பார்ப்போம், சுத்தமாக வந்தால் இறக்குவோம். அது கேக்குக்குரிய கணக்கு. மூன்றாம் ஆண்டு நான் சரியான நேரத்தில்தான் திறந்தேன். ஈர்க்கில் ஒட்டியிருந்ததைப் பக்கத்தில் நின்ற மாமி பார்த்தார்.

"பிள்ளை, உள்ளுக்கு இன்னும் ஈரமாக் கிடக்குது. பத்து நிமிசம் விடு."

விட்டேன். பத்து நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது. மாமி சொன்னது நாற்பது வருடக் கேக் அனுபவம், தவறு அவருடையதல்ல. பிரவுணியை இறக்கிய பிறகும் தட்டின் சூட்டில் அது வெந்துகொண்டே இருக்கும். ஆகவே ஓரம் இறுகி, நடுவில் குத்திய ஈர்க்கில் ஈரத் துணுக்குகள் சில ஒட்டிவரும்போதே இறக்கிவிடுங்கள். பச்சை மா வழிந்து வந்தால் இன்னும் மூன்று நிமிடம், அவ்வளவுதான்.

பிறகு தொடக்கூடாது. குறைந்தது மூன்று மணித்தியாலம் ஆற வேண்டும், ஓர் இரவு கிடந்தால் இன்னும் நல்லது. சூட்டோடு வெட்டினால் களி மாதிரிக் கத்தியில் இழுபடும். நான் 23 ஆம் திகதி இரவு சுட்டு, 24 பின்னேரம் வெட்டுகிறேன். கத்தியைச் சுடுநீரில் தோய்த்து, துடைத்து, ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும்.

இனி அலங்காரம். மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிற காலம், காற்றெல்லாம் ஈரம். இணையத்தில் பார்க்கிற பனி மாதிரி ஐசிங் சீனியைத் தூவிவிட்டுப் பூசைக்குப் போனால், திரும்பி வரும்போது பனி உருகி ஈரத் திட்டாகக் கிடக்கும். தூவுவதானால் தட்டை மேசைக்குக் கொண்டுபோகும் நேரத்தில், தேயிலை வடியால் தூவுங்கள். கடதாசியில் நட்சத்திரம் வெட்டி, அதை மேலே வைத்துத் தூவி எடுத்தால் நட்சத்திர வடிவம் விழும். முன்கூட்டியே செய்து வைக்க வேண்டுமென்றால் குக்கிங் சொக்லேட்டை உருக்கிக் கோடு இழுப்பதுதான் எனக்குப் பிடித்தது. அதில் கொக்கோக் கொழுப்புக்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் தனிப் பக்குவம் எதுவும் பார்க்காமலே இறுகிவிடும். அசல் சொக்லேட்டைச் சும்மா உருக்கி ஊற்றினால் சாம்பல் பூத்தது போல வெளுக்கும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது நத்தார் மரம். 8 அங்குலச் சதுரத்தை நடுவால் இரண்டு நாலங்குலப் பட்டிகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டியிலும் அடிப்பக்கம் இரண்டு அங்குல அகலம் வரும்படி மேலும் கீழுமாக முக்கோணம் வெட்டிப் போனால், ஒரு பட்டிக்கு ஏழு மரமும் ஓரத்தில் இரண்டு அரை முக்கோணமும் கிடைக்கும். மொத்தம் 14 மரம். அடியில் கறுவாத் துண்டு ஒன்றைச் செருகினால் அதுதான் மரத்தண்டு, மணமும் வரும். பச்சை நிறம் கலந்த பட்டர் ஐசிங்கை ஒயில் பேப்பர்ச் சுருளில் போட்டு வளைத்து வளைத்துக் கோடு இழுத்து, உச்சியில் பாதிக் கஜு வையுங்கள். ஐசிங்குக்கு மட்டும் நான் பாதி மாஜரின் சேர்ப்பேன், எங்கள் வெக்கைக்கு அது பட்டரைவிடக் கூட நேரம் நிற்கும். நனைந்த செரிப்பழம் வைத்தால் சிவப்புச் சாயம் ஒழுகும், வைக்க விரும்பினால் துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள்.

பின்னர் சேர்த்தது

முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கச்சி, மேலே பொருக்கு வரவில்லை, ஒரே இனிப்பு என்று எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்ததில், கொக்கோவுக்குப் பதில் பாலில் கரைத்துக் குடிக்கிற சொக்லேட் பானத் தூள் போட்டிருக்கிறார். அதில் பெரும்பகுதி சீனி. பொதியில் கொக்கோ என்று மட்டும் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பாதியில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஓவன் கதவைத் திறக்காதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் வெந்திருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே அரை மணி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கு முன்பே போனால் சட்டியை அடுப்பில் ஏற்றுங்கள்.

இன்னொரு அக்கா கேட்டது எனக்கும் வேண்டியிருந்த விஷயம். நத்தாரை ஒட்டித்தான் பிள்ளையார் கதையும் திருவெம்பாவையும் வரும். பக்கத்து வீட்டில் விரதம், முட்டை படக்கூடாது, ஆனால் தட்டு அனுப்பாமலும் இருக்க முடியாது. தைப்பொங்கலுக்கு முதல் பானைப் பொங்கல் அவர்கள் வீட்டிலிருந்துதான் எங்களுக்கு வரும். இரண்டு முட்டைக்குப் பதில் அரைக் கோப்பை கெட்டி எருமைத் தயிரும் கால் தேக்கரண்டி அப்பச் சோடாவும் போட்டு மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். முட்டை இல்லாததால் மினுக்கப் பொருக்கு வராது, அதற்குப் பதில் மேலே உருக்கிய சொக்லேட்டைப் பரப்பி வறுத்த கச்சான் தூவுகிறேன். உள்ளே பதம் அப்படியே இருக்கிறது. முட்டைக் கலவை பட்ட அகப்பையும் தட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். புதிதாக ஒரு தட்டு வாங்கி, அந்த வீட்டுக்கென்றே வைத்திருக்கிறேன்.

மூடிய தகரப் பெட்டியில் நாலு நாள் தாங்கும். மழைக்கு எறும்பு வீட்டுக்குள் ஏறும், பெட்டியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வையுங்கள். அரை முக்கோணங்கள் நாலையும் பெட்டியில் போட வேண்டாம், பாலன் குடில் கட்டுகிற பிள்ளைகள் வெட்டும்போதே வந்து நிற்பார்கள்.