ட்ரக்கியில் பெரிய எஞ்சின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1/8 நைட்ரோ ட்ரக்கியோடு, அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடும் எட்டில் ஒரு பங்கு அளவு ரிமோட் பந்தய ட்ரக்கோடு, புதிதாக டிராக்குக்கு வருகிறவர்கள் சொல்லிவைத்த மாதிரி அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் விடாதது, பழைய குளோ பிளக்கோடு ஓட்டுவது எல்லாம் இங்கே வேண்டாம்; அவற்றை எஞ்சினே சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடும்.

.21ஐக் கழற்றிவிட்டு .28 மாட்டுவது

ட்ரக்கி சேஸிஸ் 3.5 சிசி, அதாவது .21 (கன அங்குலம்) எஞ்சினுக்காகவே வடிவமைத்தது. அதில் 4.6 சிசி .28ஐ உட்கார வைப்பது குருவி தலையில் பனங்காய். கொள்ளளவு 30 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. எடையும் கூடுகிறது.

வளைவை விட்டு வெளியே வரும்போது த்ராட்டிலை அழுத்தினால் போதும், எடை பின்னால் சாயும். முன் டயர் மண்ணைத் தொட்டும் தொடாமலும் ஓடும், ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராக ஓரத்துக்குப் போகும். எரிச்சல் இங்கேதான் ஆரம்பம். காசு போட்டு வாங்கிய எஞ்சினைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. முதலில் ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டார் புதிதாக வரும். பிறகு முன்னால் 100 கிராம் ஈயம். அந்தச் சுமைக்குக் கடினமான ஸ்பிரிங். அடுத்த பலி சென்டர் டிஃப், அதாவது முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல். முன் சக்கரம் லேசானதும் சக்தி அந்தப் பக்கம் ஓடி, வெறுமனே சுழலும் வேகத்தில் டயர் பலூன் மாதிரி ஊதும். அதை நிறுத்த டிஃபில் 7,000 எண்ணெயை எடுத்துவிட்டு, அதைவிடக் கெட்டியான 20,000 ஊற்றுவார்கள். ஊதுவது குறையும், ஆனால் சுமை பின் டிஃபில் இறங்கும். சில நாளில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஒரே இடத்தில் கடக்கென்று தட்டும். திறந்து பார்த்தால் எண்ணெயில் வெள்ளித் தூள் மின்னும், கிரவுன் கியரில் பல் போயிருக்கும்.

இதற்கிடையில் 150 சிசி டேங்கும் முன்னைவிடச் சீக்கிரம் வற்றும். அமெரிக்க ரிமோட் கார் பந்தய அமைப்பான ரோர் (ROAR) விதிப்படி ட்ரக்கிக்கு .21தான் உச்சம் என்பது போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

.21 இழுக்கவில்லையா? எஞ்சின் பக்கத்துச் சின்ன கியரான கிளட்ச் பெல்லில் 14 பல் இருந்தால் 13 போடுங்கள். உச்ச வேகம் கொஞ்சம் போகும், வளைவுகள் நெருங்கிய டிராக்கில் அது ஒரு நஷ்டமே இல்லை. பெல்லை மாற்றியதும், அது சுற்றும் பெரிய ஸ்பர் கியரோடு இடைவெளியைத் திரும்ப வையுங்கள்: பல்லுக்கு நடுவே விடும் தாள் துண்டு மடிப்பு விழுந்து வர வேண்டும், கிழியக் கூடாது. மாறாக, வண்டி துள்ளிக் கையை மீறுகிறது என்றால் கார்புரேட்டரில் காற்று வழியைக் குறுக்கும் 7 மி.மீ. இன்சர்ட் வளையத்தை எடுத்துவிட்டு 6.5 போடுங்கள். எரிபொருளும் மிச்சமாகும்.

லேசான ஃப்ளைவீல்

த்ராட்டிலை விட்டால் ஐடில் வேகம் நிலையாக நிற்காது. வளைவில் பிரேக் பிடித்தால் எஞ்சின் அணையும்.

டைட்டானியம் திருகு

அந்தக் காசுக்கு டயர் வாங்குங்கள்.

கார்புரேட்டர் ஊசியை இறுக்கி, எரிபொருளைக் குறைத்து வேகம் தேடுவது

பிஸ்டன் ஓடும் ஸ்லீவ் போகும்.

காலி டேங்கோடு செட்டப் பார்ப்பது

150 சிசி எரிபொருள் சுமார் 130 கிராம், அது முழுக்க சேஸிஸின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. பாதி டேங்க், பாடி, ரிசீவர் பேட்டரி எல்லாம் இருக்கும்போதுதான் தரையிலிருந்து சேஸிஸின் உயரத்தை அளக்க வேண்டும். பிறகு சேஸிஸ் முன்முனையின் நட்டநடுவில் ஸ்க்ரூடிரைவர் கம்பியைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன் டயரும் சேர்ந்து எழ வேண்டும். ஒன்று பிந்தினால் முதலில் ஸ்பிரிங்கைத் தாங்கும் நான்கு ஷாக் காலரையும் இடம் வலமாகச் சரிபாருங்கள். அவை சமமாக இருந்தும் பிந்தினால், பேட்டரியை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். ஈயம் அதற்கும் பிறகுதான்.