வசதியான வெளிநாட்டு வீட்டாருக்கு நன்றிப் பரிசு: எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

வெளிநாட்டில் ஒருவர் உங்களைப் பத்து நாள் தன் வீட்டில் தங்க வைத்துக்கொள்கிறார். தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, வெளியே போக வண்டி. கிளம்பும்போது ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் நாம் வாங்கக்கூடிய எதையும் அவர் நினைத்த நிமிடமே வாங்கிவிடுவார். அப்புறம் என்னதான் கொடுப்பது? முதல் முறை இப்படித் தங்கப் போகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: விலையை இறக்கி வையுங்கள்

ஃபிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியல் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிச்சயதார்த்த மோதிரம், பிறந்தநாள் பரிசு இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். விலை கூடினால் பரிசு பெறுகிறவரின் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். பெற்றவர்களிடம் கேட்டபோது விலைக்கும் மகிழ்ச்சிக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை.

பணக்காரர் வீட்டில் இது இன்னும் பொருந்தும். உங்கள் வருமானம் என்னவென்று அவருக்கு ஓரளவு தெரியும். சக்திக்கு மீறிய பொருளை நீட்டினால் அவர் மகிழ மாட்டார், சங்கடப்படுவார். கடன் வாங்கிப் பரிசு வாங்காதீர்கள்.

படி 2: முதலில் பாருங்கள், பிறகு வாங்குங்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு முக்கியமானது இதுதான். கையை வீசிக்கொண்டு போகச் சொல்லவில்லை. போகும்போது சின்னதாக ஒன்று கொண்டுபோங்கள். உண்மையான நன்றிப் பரிசை மட்டும் அந்த வீட்டில் சில நாள் இருந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

என்ன பார்ப்பது? வேலைக்கு ஆள் இருந்தும் அவர் தன் கையாலேயே செய்யும் வேலை எது என்று பாருங்கள். அவருக்குப் பிடித்தது அங்கேதான் இருக்கும்.

நான் தங்கிய ஒரு வீட்டில் அந்த அம்மா ஆர்க்கிட் வளர்த்தார். தோட்டக்காரர் இருந்தார். ஆனாலும் தினமும் காலையில் அவரே ஈரத்துணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். இலையின் அடிப்பக்கத்தில் சிலந்திப்பேன் இருக்கிறதா என்று ஒரு பழைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். அதன் பிடி உடைந்து, நூல் சுற்றியிருந்தது. நான் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றை வாங்கினேன். மடக்கினால் பெருவிரல் அளவுதான் இருக்கும், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். கொடுத்ததும் அவர் அதைப் பிரித்து, பேசாமல் எழுந்து செடிகளிடம் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு ஓர் இலையைக் காட்டினார். புள்ளி மாதிரி இருந்தது நகர்ந்தது.

அத்தனை வசதி இருந்தும் அதை ஏன் அவர் வாங்கவில்லை? உடைந்த பிடி அவர் கைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்குத்தான் அது படும். உங்கள் கையில் இருக்கும் ஒரே வசதி அந்தப் புதுக்கண்.

இரவில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறியது? எந்தப் படத்தின் முன் நின்றார்? எது தீர்ந்துபோனது என்று அலுத்துக்கொண்டார்? மூன்றாம் நாளுக்குள் ஒரு வழி தெரிந்துவிடும்.

ஒன்றும் பிடிபடவில்லையா? சரி, பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருளாகக் கொடுங்கள். அலங்காரப் பொம்மை, பூச்சாடி, சுவரில் மாட்டும் சித்திரம் வேண்டாம். அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் யோசித்து அமைத்தது. நீங்கள் கொடுத்ததற்கு அவர் இடம் தேட வேண்டியிருக்கும்.

படி 3: எல்லை தாண்டுமா என்று பாருங்கள்

பரிசை உங்கள் ஊரிலிருந்தே கொண்டுபோவதாக இருந்தால் இது அவசியம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உணவு, விதை, மரப்பொருள் எல்லாவற்றையும் வந்து இறங்கியதும் தெரிவிக்கச் சொல்கின்றன. மறைத்தால் அபராதம். வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாகத் தடை உண்டு. தந்தம், ஆமையோடு, சில பவளங்கள் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. பழைய குடும்பச் சொத்து என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கைப்பையில் வைத்தால் தேன், ஜாம், வாசனைத் திரவியம் எல்லாமே திரவக் கணக்குதான். இன்னும் பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியை விடுவதில்லை. பரிசைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், சோதனையில் பிரிக்கச் சொல்லலாம். வண்ணத்தாளைத் தனியாக மடித்து எடுத்துப்போய், அறையில் உட்கார்ந்து சுற்றுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு அனுப்புவதாக இருந்தால், அந்த நாட்டிலேயே இயங்கும் கடையில் ஆன்லைனில் வாங்கி அவர் முகவரிக்கு அனுப்புவது நல்லது. இங்கிருந்து பார்சல் போட்டால் சுங்கவரியை அவரிடம் கேட்கக்கூடும். பிரிட்டனில் 39 பவுண்டுக்கு மேற்பட்ட பரிசுப் பார்சலுக்கே வரி உண்டு. நன்றி சொல்ல அனுப்பியதற்கு அவரே பணம் கட்டுவது அழகில்லை.

படி 4: அந்த வீட்டு வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சீனக் குடும்பத்துக்குக் கடிகாரம் கொடுக்காதீர்கள். மாண்டரின் மொழியில் ‘கடிகாரம் கொடுப்பது’ என்று சொன்னால் ‘இறுதிக் கடன் செய்வது’ என்பதைப் போலவே ஒலிக்கும். சீனாவிலும் ஜப்பானிலும் நான்கு என்ற எண்ணின் ஒலி சாவை நினைவூட்டும், அதனால் நான்கு கோப்பை கொண்ட செட் வேண்டாம். பிரான்சிலும் இத்தாலியிலும் சாமந்தி கல்லறைக்குப் போகும் பூ. ரஷ்யாவில் பூங்கொத்து என்றால் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், இரட்டைப்படை துக்கத்துக்கு. மதுவைப் பொறுத்தவரை அவர் குடிப்பதை நேரில் பார்த்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பொதுவான பட்டியலை அப்படியே நம்பிவிடவும் கூடாது. வெளிநாட்டில் படித்து வளர்ந்த ஒருவர் இதில் எதையுமே பொருட்படுத்தாமல் இருக்கலாம். அவருடைய பிள்ளைகளிடமோ உதவியாளரிடமோ கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜப்பானில் இரண்டு கையாலும் கொடுங்கள். அவர் உங்கள் எதிரில் பிரிக்காமல் வைத்துவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, அங்கே அது மரியாதை.

அவர் அரசுப் பதவியில் இருப்பவர் என்றால் பரிசு வாங்க அவருக்கு வரம்பு இருக்கலாம். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்குச் சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்டவருக்குக் கடிதம் போதும்.

படி 5: வேலை செய்தவர்களை மறக்காதீர்கள்

உங்கள் படுக்கையை விரித்தவர், சமைத்தவர், வண்டி ஓட்டியவர். பெரிய வீடுகளில் உங்களுக்காக உண்மையில் உழைத்தவர்கள் இவர்கள்தான். கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் தனியாகக் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். சரி என்றால் ஒவ்வொருவருக்கும் தனி உறை, அதில் அவர் பெயர். எழுத்துக்கூட்டலை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: கையால் ஒரு கடிதம்

பரிசு இல்லாமல் கடிதம் போகலாம், கடிதம் இல்லாமல் பரிசு போகக் கூடாது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகியோரின் 2018 ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் அது படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாகப் பயந்தார்கள். படித்தவர்களுக்கோ அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிக மகிழ்ச்சி.

‘உங்கள் உபசரிப்புக்கு மிக்க நன்றி’ என்று எழுதினால் யாருக்கும் எழுதலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘செவ்வாய் இரவு எனக்குக் காய்ச்சல் வந்தபோது, கதவுக்கு வெளியே வெந்நீர் பிளாஸ்க்கை வைத்துவிட்டு எழுப்பாமல் போனீர்கள். காலையில் அதைப் பார்த்ததும் வீட்டில் இருப்பது போல இருந்தது.’ நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், பத்து வரி போதும். மொழி தடுமாறினாலும் பரவாயில்லை, வேறு யாரையும் எழுதித் தரச் சொல்லாதீர்கள்.

பரிசைக் கிளம்பும் நாள் காலையில் கொடுங்கள், கூட்டத்தில் வேண்டாம். கடிதம் ஊர் வந்து ஒரு வாரத்துக்குள் தபாலில் போகட்டும். வந்து சேர்ந்துவிட்டேன் என்ற குறுஞ்செய்தியை மட்டும் வீட்டுக்குள் நுழைந்ததுமே அனுப்பிவிடுங்கள். பத்து நாள் உங்களைப் பார்த்துக்கொண்டவர் அதற்காகக் காத்திருப்பார்.