மாட்டைக் காப்பாற்றப் போய்க் கோழியை மாட்டிவிடாதீர்கள்: நனிசைவ விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நனிசைவத்துக்கு, அதாவது வீகன் உணவுமுறைக்கு, ஆதரவாகப் பேசுகிறவர்களையும் கால்நடை வளர்ப்பவர்கள் பக்கம் நின்று பேசுகிறவர்களையும் விவாத மேடைக்குத் தயார்செய்வது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், நான் பேசத் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளை அச்சு மாறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ‘செடிக்கும் உயிர் இருக்கிறதே’, ‘சிங்கம் மானைத் தின்னவில்லையா’, ‘நமக்குக் கோரைப்பல் எதற்கு’ போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவற்றைச் சொல்லி ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டாலே யாருக்கும் புத்தி வந்துவிடும்.

மூன்று வழக்குகளை ஒரே மனுவில் எழுதுவது

இதை மட்டும் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைக்கும் இது கண்ணில் பட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஒரு கூட்டத்தில் பேச வந்த இளம்பெண் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். எந்த உணவு எவ்வளவு பசுமை இல்ல வாயுவை வெளியேற்றுகிறது என்று காட்டும் படத்தைத் திரையில் போட்டார். மாட்டிறைச்சியின் பட்டை திரையின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. பட்டாணியின் பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. தகவலில் குறையில்லை. 2018இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் பூரும் நெமசெக்கும் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகளில் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவை வைத்துக் கணக்கிட்டது. இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டிலிருந்து 100 கிராம் புரதம் கிடைக்க, சராசரியாக 50 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம் ஆகிறது. பட்டாணியில் அது அரைக் கிலோவுக்கும் குறைவு.

அவர் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த கோழிப்பண்ணைக்காரர் எழுந்தார். “ரொம்ப நன்றிம்மா. உங்க படத்துலயே பாருங்க, கோழி எவ்வளவு கீழ இருக்குன்னு. அப்ப எல்லாரும் மாட்டை விட்டுட்டுக் கோழிக்கு வந்துட்டா போதும்தானே?”

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் சட்டென்று, கொட்டகையில் கோழிகள் நெருக்கியடித்துக் கிடப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். “அதுதான் விஷயம்னா இவ்வளவு நேரம் பருவநிலையைப் பத்தி எதுக்கும்மா பேசினீங்க?” என்று கேட்டுவிட்டு அவர் உட்கார்ந்தார். அன்றைய விவாதம் அந்த இடத்திலேயே முடிந்துபோனது.

இங்கே இருப்பவை மூன்று தனித்தனி வழக்குகள். தின்பதற்காக ஒரு விலங்கைக் கொல்லும் உரிமை நமக்கு உண்டா என்பது ஒன்று. உயிரோடு இருக்கும்வரை அது என்ன பாடுபடுகிறது என்பது இன்னொன்று. நிலம், நீர், காற்றுக்கு என்ன ஆகிறது என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தால் வாதம் மூன்று மடங்கு வலுக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் பல இடங்களில் இவை ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன.

கோழிப்பண்ணைக்காரர் பிடித்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். இறைச்சிக்காக வளர்க்கும் பெரிய மாடு ஒன்றிலிருந்து இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கும். ஒரு கறிக்கோழியில் கிடைப்பது இரண்டு கிலோவுக்குள். அதே எடைக்கு நூறு கோழிகளுக்கு மேல் சாக வேண்டும். அவற்றின் ஆயுளோ ஆறேழு வாரம். அதற்குள் உடல் வளரும் வேகத்துக்குக் கால்கள் ஈடுகொடுக்காமல் நொண்டுபவை ஏராளம். ஆண்டுக்குச் சுமார் 8,000 கோடி நிலவாழ் விலங்குகள் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன. அவற்றில் 7,000 கோடிக்கு மேல் கோழிகளே. பருவநிலையை மட்டும் சொல்லி நீங்கள் ஒருவரை மாட்டிலிருந்து கோழிக்கு நகர்த்தினால், காற்றுக்கு நல்லது செய்திருப்பீர்கள். வதைபடும் உயிர்களின் எண்ணிக்கையை நூறு மடங்காக்கியும் இருப்பீர்கள்.

எதிர்த்திசையிலும் இப்படித்தான். கோழியின் வேதனையைக் குறைக்க மெதுவாக வளரும் இனத்துக்கு மாறினால், அது கூடுதல் நாள் உயிரோடு இருந்து கூடுதல் தீவனம் தின்னும். கிலோவுக்கான வெளியேற்றம் ஏறும். புல் மட்டும் மேயும் மாடு, தானியம் தின்னும் மாட்டைவிடத் தாமதமாகவே எடை போடும். அத்தனை நாளும் அதன் ஏப்பத்தில் மீத்தேன் என்ற பசுமை இல்ல வாயுவும் வரும், நிலமும் அதிகம் பிடிக்கும். பாலிலும் இதே கதை. அமெரிக்காவில் 2007இல் ஒரு லிட்டர் பாலுக்கான கார்பன் அளவு, 1944இல் இருந்ததில் 37 சதவீதம்தான் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரே மாட்டிலிருந்து பல மடங்கு பால் கறப்பதால் வந்த குறைவு அது. அப்படிக் கறக்கும் மாடுகளை மடிநோயும் கால்நொண்டலும்தான் விடாமல் துரத்துகின்றன.

உரிமை பேசுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை வைப்பேன். கறவை மாட்டின் மீத்தேனை ஏறக்குறைய 30 சதவீதம் குறைக்கும் தீவனச் சேர்க்கை இப்போதே இருக்கிறது. நாளைக்கு அது நூறு சதவீதம் ஆகிவிட்டால் மாட்டிறைச்சி சாப்பிடுவீர்களா? ‘மாட்டேன்’ என்றால், மீத்தேன் உங்கள் காரணமே இல்லை. அப்புறம் அதை ஏன் முன்னால் வைக்கிறீர்கள்? விலங்குகளுக்கு உரிமை உண்டு என்ற தத்துவவாதி டாம் ரீகனின் நிலைப்பாட்டுக்குக் கார்பன் கணக்கு தேவையே இல்லை. துன்பத்தை எடைபோடும் இன்னொரு தத்துவவாதி பீட்டர் சிங்கரின் வழியில் போகிறவருக்கு மாடா கோழியா என்பது பெரிய கேள்வி. இருவரையும் ஒரே மூச்சில் மேற்கோள் காட்டிவிட்டு, எது உங்கள் தரப்பு என்று கேட்டால் விழிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பண்ணைத் தரப்பும் சளைத்ததில்லை. மீத்தேனைப் பற்றிக் கேட்டால் ‘என் மாடு சுதந்திரமாக மேய்கிறது’ என்பார்கள். கொல்வதைப் பற்றிக் கேட்டால் ‘மேய்ச்சலால் மண்ணில் கார்பன் சேர்கிறது’ என்பார்கள். கேட்டதற்குப் பதில் வராது. மண்ணில் கார்பன் சேர்வதும் காலத்துக்கும் நடப்பதில்லை, சில பத்தாண்டுகளில் அது ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும்.

என்னிடம் வருகிறவர்கள் முதல் நாளே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், அது முதலாவதை எங்கே இடிக்கிறது என்பதை எதிராளி சொல்வதற்கு முன் அவர்களே சொல்லிவிட வேண்டும். ‘பருவநிலைக்குக் கோழி பரவாயில்லைதான், ஆனால் எனக்கு அது போதாது, காரணம் இது’ என்று அந்தப் பெண் படத்தைப் போட்டபோதே சொல்லியிருந்தால், பண்ணைக்காரருக்கு எழுந்திருக்கவே வேலை இருந்திருக்காது.

15,000 லிட்டர் தண்ணீர் என்று சொல்லி நிறுத்துவது

ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,415 லிட்டர் என்பது மெக்கோனனும் ஹூக்ஸ்ட்ராவும் கணக்கிட்ட உலகச் சராசரி. அதில் 14,414 லிட்டர் பச்சை நீர், அதாவது மண்ணில் ஊறிப் புல்லும் தீவனப் பயிரும் உறிஞ்சும் மழை. ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீல நீர் 550 லிட்டர். மிச்சம் 451, மாசை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் சாம்பல் நீர். ‘மாடு இல்லாவிட்டாலும் மழை பெய்யுமே’ என்று எதிராளி ஒரே வரியில் முடித்துவிடுவார், அதற்குப் பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த 550 லிட்டரைச் சொல்லுங்கள். தீவனப் பயிர் விளையும் வயலில் அதே மழைக்கு மனிதர்களுக்கான பயிரும் விளைந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய சதவீதத்தைத் தூக்கிவருவது

உலக வெளியேற்றத்தில் கால்நடைகளின் பங்கு, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2006இல் சொன்னபடி 18 சதவீதம், 2013இல் 14.5, 2023இல் சுமார் 12. கால்நடைகள் திருந்திவிட்டன என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்கிடும் முறையும் அடிப்படை ஆண்டும் மாறியிருக்கின்றன. ‘எல்லா வாகனங்களையும்விட அதிகம்’ என்ற 2006ஆம் ஆண்டு ஒப்பீடும் கோணலானது. கால்நடைக்குத் தீவனம் விளைவதிலிருந்து எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, வாகனத்துக்குப் புகையை மட்டும் எண்ணினார்கள்.

2009இல் வந்த 51 சதவீதக் கணக்கு இன்னும் மோசம், விலங்குகள் விடும் மூச்சையே சேர்த்துக்கொண்டது. அந்தக் கரியமில வாயு, தின்ற செடி சற்று முன் காற்றிலிருந்து எடுத்ததுதான்.

பண்ணைத் தரப்பு 12ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் அவர்களையும் விடாதீர்கள். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 27 மடங்கு வெப்பமூட்டும். இருபதாண்டுக் கணக்கில் அது 80 மடங்கு.

பாலிலும் முட்டையிலும் சாவு இல்லை என்று நம்புவது

கன்று ஈன்றால்தான் மாடு பால் தரும். ஈனும் கன்றுகளில் பாதி காளைக்கன்று. பால் பண்ணைக்கு அதனால் பயனில்லை, அது இறைச்சிக்குத்தான் போகிறது. முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் வைக்காது. அதனால் பொரித்த முதல் நாளே கொல்வது பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து இதைத் தடைசெய்தது. முட்டைக்குள்ளேயே பாலினம் கண்டறியும் கருவிகள் அங்கே பரவியது அதனால்தான்.

86 சதவீதத்தைப் பாதியில் விடுவது

கால்நடைத் தீவனத்தில் 86 சதவீதம் மனிதர்கள் தின்ன முடியாதது என்பது 2017இல் மாட்டே குழுவினரின் ஆய்வில் இருக்கிறது. புல்லும் இலைதழையும் மட்டுமே 46 சதவீதம். பண்ணைக்காரர்கள் இதோடு நிறுத்துவார்கள். எலும்பில்லாத ஒரு கிலோ இறைச்சிக்கு மனிதர்கள் தின்னக்கூடிய தீவனம் ஏறக்குறைய 3 கிலோ செலவாகிறது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நனிசைவத் தரப்பு அதை மட்டும் படிக்கும். இரண்டையும் படித்தவரோடுதான் நீங்கள் மோதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தயாராகுங்கள்.

வயலில் சாகும் எலி

பயிர் விளைவிப்பதிலும் உயிர்கள் சாகின்றன, மேய்ச்சல் மாட்டால் சாவு குறையும் என்று 2003இல் ஸ்டீவன் டேவிஸ் வாதிட்டார். நிலத்தின் பரப்புக்கு எத்தனை சாவு என்று எண்ணியிருக்கிறார், கிடைக்கும் உணவுக்கு எத்தனை என்று எண்ணவில்லை என அதே ஆண்டு மாத்தேனி காட்டிவிட்டார். எண்ணிப் பார்த்தால் பயிர்தான் ஜெயிக்கிறது. ஆனாலும் சாவு பூஜ்ஜியம் இல்லை. பூஜ்ஜியம் என்று மேடையில் சொல்லாதீர்கள்.

பி12

நனிசைவ உணவில் இந்த வைட்டமின் போதுமான அளவு கிடைக்காது, மாத்திரை வேண்டும். வேண்டாம் என்கிறவரை நான் தயார்செய்வதில்லை.

‘கூண்டில்லாத’ என்றால் திறந்தவெளி

இல்லை. மூடிய கொட்டகைக்குள் முட்டைக்கோழிகளை ஆயிரக்கணக்கில் அடைத்தாலும் அது கூண்டில்லாததுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடைசெய்ததும் வெறும் கம்பிக் கூண்டுகளை மட்டுமே. உட்கார ஒரு கழியும் முட்டையிட ஒரு மூலையும் வைத்த கூண்டு அதற்குப் பிறகும் செல்லும். முட்டை அட்டையில் இருக்கும் வார்த்தையை வாதத்துக்கு எடுக்கும் முன், சதுர மீட்டருக்கு எத்தனை கோழி, அலகை வெட்டுகிறார்களா, வெளியே விடுவது எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.