சுபுஹு குனூத்: எங்கே, எப்படி, என்ன பொருள்

பரங்கிப்பேட்டை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர் (சட்டப் பள்ளியினர்) என்பதால் சுபுஹில் (அதிகாலைத் தொழுகையில்) குனூத் ஓதுவார்கள். குனூத் என்பது தொழுகையில் நின்றபடி ஓதும் துஆ (வேண்டுதல்). ஹனஃபி மத்ஹபின் ஜமாஅத்தில் குனூத் வித்ருத் தொழுகையில்தான் (இரவின் ஒற்றைப்படைத் தொழுகை). மூன்றாம் ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்), ருகூவுக்கு (குனிதலுக்கு) முன்னால், வேறு துஆ. இங்கே சொல்வது ஷாஃபிஈ முறை.

இரண்டாம் ரக்அத்தின் ருகூவிலிருந்து எழுந்து, முழுதாக நிமிர்ந்து, “ரப்பனா லகல் ஹம்து” சொல்லி முடித்தபின் கைகளை ஏந்தி ஓதுங்கள்:

அல்லாஹும்மஹ்தினீ ஃபீமன் ஹதைத், வஆஃபினீ ஃபீமன் ஆஃபைத், வதவல்லனீ ஃபீமன் தவல்லைத், வபாரிக் லீ ஃபீமா அஃதைத், வகினீ ஷர்ர மா களைத். ஃபஇன்னக தக்ளீ வலா யுக்ளா அலைக், வஇன்னஹூ லா யதில்லு மன் வாலைத், வலா யஇஸ்ஸு மன் ஆதைத், தபாரக்த ரப்பனா வதஆலைத்.

நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த துஆ இது. முதல் ஐந்து வரிகள் கேட்பவை: நேர்வழி, சுகம், பொறுப்பேற்பு, கொடுத்ததில் பரக்கத், நீ விதித்ததன் தீங்கிலிருந்து காவல். “ஃபஇன்னக” முதல் புகழ்ச்சி: தீர்ப்பளிப்பவன் நீ, உனக்கெதிராகத் தீர்ப்பில்லை, நீ நேசித்தவர் இழிவடையார், நீ பகைத்தவர் கண்ணியம் பெறார், எங்கள் ரப்பே, நீ பாக்கியம் மிக்கவன், உயர்ந்தவன். இறுதியில் நபி (ஸல்) மீது ஸலவாத்தும் ஸலாமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்பது எது, புகழ்வது எது என்ற இந்தப் பிரிவு தெரிந்தால்தான் ஜமாஅத்தில் தடுமாற்றம் வராது. இமாம் வேண்டுதல் வரிகளை ஓதும்போது பின்னால் நிற்பவர் ஆமீன் சொல்வார். புகழ்ச்சி தொடங்கியதும் ஆமீனை நிறுத்தி மெதுவாகத் தாமும் ஓதுவார். பலர் கடைசிவரை ஆமீன் சொல்லிக்கொண்டே போகிறார்கள். இமாம் “இஹ்தினா, ஆஃபினா” என்று எல்லோருக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டில் தனியாகத் தொழும் பெண்களுக்கு மேலே உள்ளபடியே போதும்.

அதிகம் பிசகுவது “யதில்லு”வும் “யஇஸ்ஸு”வும்தான். இடம் மாறினால் அல்லாஹ் நேசித்தவருக்குக் கண்ணியமில்லை என்றாகிவிடும்! தமிழ் எழுத்தை மட்டும் நம்பாமல் ஓதத் தெரிந்தவரிடம் ஒருமுறை ஓதிக்காட்டுங்கள்.

குனூத்தை மறந்து ஸஜ்தாவில் (சிரவணக்கத்தில்) நெற்றி வைத்துவிட்டால், அதை ஓதத் திரும்பி எழக்கூடாது. தொழுகையை முடிக்கும் ஸலாமுக்கு முன் மறதிக்காக இரண்டு ஸஜ்தா செய்யுங்கள். ரமளான் 16ஆம் இரவு முதல் வித்ரின் கடைசி ரக்அத்திலும் இதே குனூத் உண்டு.

இன்னும் மனப்பாடமாகாதவர் “அல்லாஹும்மஃக்ஃபிர் லீ யா கஃபூர்” என்று ஓதினாலும் குனூத் நிறைவேறும். அதில் வேண்டுதலும் புகழும் இரண்டும் இருக்கின்றன.