பாதி உதட்டில் குளிராத ஜிகர்தண்டா

மதுரை விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா குடிக்கும்போதுதான் கவனித்தேன். டம்ளரின் குளிர்ச்சி கீழுதட்டின் வலது பாதியில் தெரிகிறது, இடது பாதியில் இல்லை. நடுவில் கோடு கிழித்த மாதிரி. வாயோரம் வழிந்து சட்டை நனைந்த பிறகுதான் வழிந்ததே தெரிந்தது. முகவாயில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு வேறு.

வீட்டம்மாவுக்குப் பக்கவாத பயம். "சிரிங்க, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள். வாய் கோணவில்லை, கை இறங்கவில்லை, பேச்சும் குழறவில்லை. இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அவள் செய்தது சரிதான். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். நெற்றி, கன்னம் எல்லாம் சரி. உதடும் முகவாயும் மட்டும்தான் மரத்திருந்தன. சர்க்கரை, வைட்டமின் பி12 இரண்டிலும் குறையில்லை. அப்புறம், "பல் ஏதும் வலிச்சுச்சா?" என்றார். இரண்டு மாதமாகக் கிராம்பை வைத்து ஒப்பேற்றிய கடைவாய்ப் பல் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எக்ஸ்ரேயில் வேரடியில் சீழ். கீழ்த்தாடை எலும்புக்குள், பல் வேர்களுக்குக் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது; அதன் கிளைதான் முன்னால் வெளிவந்து உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுக்கிறது. சீழ் அதை அழுத்தியிருக்கிறது. ஆன்டிபயாடிக் கொடுத்து, வேர் சிகிச்சை செய்தார்கள். வலி இரண்டே நாளில் போனது, மரமரப்பு போகவில்லை. நரம்பு மெதுவாகத்தான் ஆறுமாம். நாலாவது வாரம் சவரம் செய்யும்போது, இடது பக்கம் பிளேடு உரசுவது லேசாகத் தெரிந்தது.