ஜெனரேட்டர் வெளியே, புகை உள்ளே: கேம்பிங் ட்ரெய்லர்காரர்கள் கவனிக்க

போன ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் ட்ரெய்லரை நிறுத்தியிருந்தோம். அங்கே கரண்ட் கிடையாது, ஜெனரேட்டர்தான். சாயங்காலம் கார்பன் மோனாக்சைடு (ஜெனரேட்டர் புகையில் இருக்கும் நச்சு வாயு) அலாரம் நான்கு முறை கத்தி நின்றது, மறுபடி நான்கு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். மனைவிக்கு அரை மணி நேரமாகவே தலைவலி. வெயில்தான் காரணம் என்று நினைத்திருந்தோம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

படி 1: ஜெனரேட்டர் குறைந்தது 20 அடி தள்ளி இருக்கட்டும், சைலன்சர் வாய் ட்ரெய்லருக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். ட்ரெய்லரின் சொந்த கேபிள் எட்டவில்லை என்று கிட்டே இழுத்து வைக்காதீர்கள். 10 கேஜ் (தடித்த கம்பி) எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்குங்கள். மெல்லிய தோட்டத்து கேபிள் சூடாகும், வேண்டாம்.

படி 2: காற்று ட்ரெய்லரிலிருந்து ஜெனரேட்டர் பக்கம் வீச வேண்டும். வாசல் கம்பியில் ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் இன்னொரு முறை பாருங்கள், திசை மாறியிருக்கலாம்.

படி 3: நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். கூரை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தோ காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜெனரேட்டர் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. புகையை நாங்களே உறிஞ்சிக்கொண்டிருந்தோம். மறுநாள் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் போட்டு, ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தேன். சிங்க் அடியில் குழாய் தரையைத் துளைத்து இறங்கும் ஓட்டையருகே பிடித்ததும் புகை சட்டென்று உள்பக்கம் சாய்ந்தது. அந்த ஓட்டையை அடைத்தேன். ஆனால் கேஸ் வெளியேற விட்டிருக்கும் வென்ட்டுகளை அடைக்கவே கூடாது. ஜெனரேட்டர் ஓடும்போது அந்தப் பக்க ஜன்னல்களைச் சாத்துங்கள், கூரை ஃபேனையும் நிறுத்துங்கள்.

படி 4: அலாரத்தின் பின்பக்கம் தேதி பாருங்கள், காலாவதியானால் மாற்றுங்கள். இந்த அலாரங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரமான யூஎல் 2034-இன்படி, வாயு 400 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்கு) அளவில் இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் கத்தும். 70 பிபிஎம் என்றால் 1 முதல் 4 மணி நேரம் ஆகலாம். அதனால் குறைந்த அளவையும் எண்ணில் காட்டும் டிஸ்ப்ளே உள்ளதைத்தான் நான் வாங்கினேன். தரையருகே இருப்பது புரொப்பேன் கசிவுக்கானது மட்டுமாக இருக்கலாம், லேபிளைப் படியுங்கள்.

படுக்கும் முன் ஜெனரேட்டரை நிறுத்திவிடுங்கள். அலாரம் அடித்தால் முதலில் எல்லோரும் வெளியே, தலைகளை எண்ணுங்கள், பிறகு 911-க்கு (அமெரிக்க அவசர எண்) போன். ஜன்னல் திறக்க உள்ளே திரும்பாதீர்கள்.

பின்சேர்க்கை: “எங்கள் ஜெனரேட்டரில் தானாக நிற்கும் சென்சார் இருக்கிறதே?” என்று இருவர் கேட்டிருந்தார்கள். நல்லதுதான். ஆனால் அந்த சென்சார் ஜெனரேட்டரில் இருக்கிறது. காற்று புகையை ட்ரெய்லர் பக்கம் கொண்டுபோனால் அதைச் சுற்றி சுத்தமான காற்றுதான் இருக்கும், அது நிற்காது. இன்னொருவர் பக்கத்து ட்ரெய்லரின் புகையைப் பற்றி எழுதியிருந்தார். தயங்காமல் கதவைத் தட்டி, ஜெனரேட்டரை வேறு பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் உங்கள் ட்ரெய்லரை நகர்த்திவிடுங்கள்.